காலிச் சாக்கை ஏலம் விட்ட நாள்

எங்கள் ஏலக்கூடத்துக்குப் புது வைஃபை வந்திருக்கிறது. 'சூழ்நிலை அறிந்து தானே மாறிக்கொள்ளும்' என்று பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கிறார்கள். சூழ்நிலை அறிந்து தானே மாறிக்கொள்ளும் மனுசனை என் வயசுக்கு நான் பார்த்ததில்லை. பெட்டியிலாவது பார்க்கக் கொடுத்து வைத்ததே, அந்த மகமாயிக்கு ஒரு கும்பிடு.

இப்போது அங்கே வேலை பார்ப்பவர்கள் கூடத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: 'என் சேவையும் சாதனைகளும்.' சேவை செய்ய நான் சாமியார் இல்லை, சம்பளத்துக்கு வேலை பார்த்தவன். சாதனை என்று தேடிப்பார்த்தால், ஒரு அம்மாவின் ஏலக்காய்ச் சாக்குக்காக ஒரு சாயங்காலம் காற்றைச் சுத்தமாக வைத்திருந்தோம், அவ்வளவுதான். அதையும் நான் ஒருவனாகச் செய்யவில்லை. அந்தத் தலைப்பை வேறு யாருக்காவது கொடுத்துக்கொள்ளட்டும்.

பத்தாம் வகுப்பை இரண்டாம் தடவையில் தாண்டியவன் நான். டெலிபோன் கம்பம் ஏறினேன், கேபிள் டி.வி. ஒயர் இழுத்தேன், கம்பம் ஊரில் இந்தத் தனியார் ஏலக்கூடம் கம்ப்யூட்டருக்கு மாறியபோது ஒயர் இழுக்க வந்து அப்படியே ஒட்டிக்கொண்டேன். மற்றதையெல்லாம் பெட்டிகள் கெட்டுப்போய்க் கெட்டுப்போய் எனக்குப் பாடம் எடுத்தன.

கூடத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். மலையிலிருந்து ஜீப்பில் ஏலக்காய் இறங்கும். வியாபாரிகள் வரிசையாக மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு சாக்கிலிருந்தும் ஒரு கை அள்ளிச் சாம்பிள் தட்டில் வரும். எடுப்பார்கள், உரசுவார்கள், கடிப்பார்கள், மீதியைத் தரையில் எறிவார்கள். மதியத்துக்குள் தரையெல்லாம் ஏலக்காய். மிதித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஊரில் பாயசத்துக்கு இரண்டு போடக் கணக்குப் பார்க்கிற வீட்டிலிருந்து வந்தவனுக்கு அதுவே முதல் அதிர்ச்சி.

ஒவ்வொரு மேசையிலும் ஒரு சின்னக் கருவி உண்டு. ஒரு பொத்தான், ஒரு விளக்கு. பொத்தானை அமுக்கினால் முன்னால் உள்ள திரையில் விலை ஏறும். கொஞ்ச நேரம் யாரும் அமுக்கவில்லை என்றால், கடைசியாக அமுக்கியவருக்குச் சாக்கு. விலை பிடிக்காத விவசாயி கை தூக்கி மறுக்கலாம். ஆனால் அடுத்த சாக்கின் எண் திரையில் வருவதற்குள் தூக்கிவிட வேண்டும். வந்துவிட்டால் முடிந்தது. விளக்கு பச்சையாக இருந்தால் கருவி காற்று வழியாகக் கூடத்தோடு பேசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சிவப்பு என்றால் பேச்சு அறுந்துவிட்டது.

முன்பு ஒயர்தான் இருந்தது. ஏலக்காய் வாசத்துக்கு வந்த எலிகள் ஒயரையும் ருசி பார்த்ததால் வயர்லெஸ்ஸுக்கு மாறினோம். எலித் தொல்லை போயிற்று. அதைவிடப் பெரிய தொல்லை வந்தது. அது வியாபாரிகளின் பக்தி.

அவர்கள் வெளியூர்க் கடைக்காரர்களிடம் விலை கேட்க ஆளுக்கொரு ஹாட்ஸ்பாட் வைத்திருந்தார்கள், உள்ளங்கை அகலத்தில் தனி வைஃபை பரப்புகிற குட்டிப் பெட்டி. அதில் ஒருவர் தன் ஹாட்ஸ்பாட்டுக்குக் குலதெய்வத்தின் பெயரை வைத்தார். அன்றைக்கு அவருக்கு நல்ல சாக்காக விழுந்ததாம். அடுத்த ஏலத்தில் எல்லோரும் வைத்துவிட்டார்கள். என் போனைத் திறந்தால் கோயில் அழைப்பிதழ் மாதிரி வரும்: கௌமாரியம்மன், குச்சனூரான், மாவூற்று வேலப்பர், ஆரோக்கிய மாதா, பிஸ்மில்லா. காலையில் சூடம் காட்டும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் ஹாட்ஸ்பாட்டைப் போடுவார்கள். "சாமி பேரு மொதல்ல காத்துல ஏறணும்" என்பது வழக்கமாகிவிட்டது. நானும் சாமி கும்பிடுகிறவன்தான். விபூதி இல்லாமல் ஒரு ஸ்குரூவைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் பேட்டரி போட்டுச் சாமியைக் காற்றில் ஏற்றுகிற வித்தையை எங்கள் வீட்டில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

வைஃபை பேசுகிற காற்றில் சேனல் என்று பாதைகள் உண்டு. எங்கள் மலிவுக் கருவிகள் பிடிக்கிற அலையில், ஒன்றோடொன்று உரசாத பாதைகள் மூன்றே மூன்று. கூரையில் தொங்கும் எங்கள் பெட்டிகளும் அதில்தான் போக வேண்டும், இத்தனை சாமிகளும் அதில்தான் போக வேண்டும்.

காலையில் கூடம் திறந்ததும் கால் கழுவிவிட்டு, சுவரில் உள்ள மூன்று படங்களுக்கும் முன்னால் நிற்பேன். அம்மன், மாதா, மெக்கா, மூன்றும் ஒரே ஆணி வரிசையில் இருக்கும். பிறகு போனில் அலை அளக்கும் செயலியைத் திறந்துகொண்டு நடப்பேன். வாசலில் நின்று ஒரு அளவு, ஒவ்வொரு மேசைக்கும் ஒரு அளவு, கடைசியில் பெண்கள் காய் தரம் பிரிக்கிற கொட்டகைச் சுவரோரம் ஒன்று. போனை மேசை உயரத்தில்தான் பிடிக்க வேண்டும், தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகவே காட்டும். ஒவ்வொரு இடத்திலும் எண் நிலைக்கும்வரை நிற்க வேண்டும். வியாபாரிகள் வந்து உட்கார்ந்த பிறகு இதே நடையை முதலிலிருந்து நடக்க வேண்டும். காலியாக இருந்த கூடத்தின் அளவு ஆள் நிறைந்த கூடத்துக்குச் செல்லாது. மனித உடம்பு அலையைக் குடித்துவிடும். மேற்கு மலை மழையை மறைத்துக்கொண்டு நம் பள்ளத்தாக்குக்குத் தூறலை மட்டும் விடுகிற மாதிரி, முன்வரிசையில் சீனிச்சாமி உட்கார்ந்தால் பின்வரிசைக்குத் தூறல்தான்.

சீனிச்சாமி யார் என்று சொல்லிவிடுகிறேன். கூடத்தில் பெரிய வியாபாரி. முன்வரிசை நடு நாற்காலி அவருடையது, ஃபேனுக்கு நேர் கீழே. எங்கள் பெட்டிகளில் ஒன்றும் அந்த ஃபேனுக்குப் பக்கத்தில்தான் தொங்கியது. நான் போனோடு நடக்கும்போதெல்லாம், "என்ன வயர்லெஸ்ஸு, இன்னைக்குக் காத்து எந்தப் பக்கம் அடிக்குது?" என்று கேட்டு, நடுவரிசை வியாபாரி காதர் பாயைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடிப்பார். என் பெயர் அந்தக் கூடத்தில் பலருக்குத் தெரியாது. வயர்லெஸ்ஸு என்றால் தெரியும்.

பெட்டிகளை மாட்டியவர் போகும்போது சொன்னார்: "சேனலை ஆட்டோவுல போட்டுட்டேன். நெரிசல் வந்தா அதுவே வேற பாதைக்கு மாறிக்கிரும். இனி நீங்க கையே வைக்க வேணாம்." ஆட்டோ என்ற அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் ஊரில் பாதிப் பேர் பிழைப்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகுதான் ஏலத்தின் நடுவில் விளக்குகள் சிவக்க ஆரம்பித்தன. கொஞ்ச நேரம் சிவப்பு, மறுபடி பச்சை. பெட்டியின் சத்தம் போதவில்லை என்று நினைத்து நான் பவரை உச்சத்தில் வைத்தேன். நிலைமை மோசமானதுதான் மிச்சம். பெட்டி கத்துவது கருவிக்குக் கேட்கும், கருவி முனகுவது பெட்டிக்குக் கேட்காது.

ஹாட்ஸ்பாட்டுகளை அணைக்கச் சொல்லிக் கேட்டேன்.

"எங்க குலதெய்வத்தை ஆஃப் பண்ணச் சொல்லுறியா?" என்றார் சீனிச்சாமி. "ஏலே, நெத்தியில பட்டை போட்டுக்கிட்டு இப்படிக் கேக்கலாமா நீ?"

"உங்க குலதெய்வம் என் அலைமேல ஏறி உக்காந்திருக்குண்ணே."

"உக்காந்தா உனக்குப் புண்ணியந்தான? தொட்டுக் கும்பிட்டுக்க."

கூடமே சிரித்தது. மேனேஜரிடம் போனேன்.

எங்கள் மேனேஜர் தர்மராசு அய்யா குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. யார் என்ன புகார் சொன்னாலும் மேசையில் உள்ள கிண்ணத்திலிருந்து ஒரு ஏலக்காயை எடுப்பார். நகத்தால் கீறுவார். உள்ளே விதை கறுப்பாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பார். வாயில் போட்டு மெல்லுவார். மென்று முடிகிறவரை புகார் நின்றுகொண்டே இருக்க வேண்டும். கடைசியில், "பாப்போம் தம்பி" என்பார். அவரைவிட மூத்தவர்களும் அவருக்குத் தம்பிதான். அந்தக் கிண்ணத்தில் எத்தனை பேருடைய குறை மெல்லப்பட்டு விழுங்கப்பட்டதோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

என்னுடையதும் மெல்லப்பட்டது. அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ரோசம்மா வந்தார்.

பள்ளத்தாக்கில் ஒரு கிறிஸ்தவ ஊர்க்காரர். மலைமேல் கொஞ்சம் ஏலத் தோட்டம். அந்த வருசம் மழை ஏமாற்றி, தோட்டத்தில் பாதிச் செடி பட்டுப்போயிருந்தது. மொத்த விளைச்சலும் ஒரே சாக்குதான். அந்த ஒரு சாக்கு நல்ல விலைக்குப் போனால் மறுபடி கன்று நடலாம், இல்லாவிட்டால் பக்கத்து எஸ்டேட்காரர் கேட்கிறபடி தோட்டத்தைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட வேண்டியதுதான். இதைத் தரம் பிரிக்கும் பெண்களிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். காய் பச்சை மாறாமல், உருண்டையாக, கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது. சாம்பிள் தட்டு போனபோது காதர் பாய் கடித்துப் பார்த்துவிட்டு மீதியைத் தரையில் எறியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதைவிடப் பெரிய பாராட்டு அந்தக் கூடத்தில் கிடையாது.

ஏலம் ஆரம்பித்து விலை இரண்டு படி ஏறியது. பின்வரிசையில் சிவப்பு. நடுவரிசையில் சிவப்பு. சீனிச்சாமியின் மேசையிலும் இன்னும் ஓரிரண்டிலும் மட்டும் பச்சை. காதர் பாய் பொத்தானை அமுக்கு அமுக்கென்று அமுக்குகிறார், திரையில் எண் நகரவில்லை. சாக்கு சீனிச்சாமிக்கு விழுந்தது, அடிமாட்டு விலைக்கு. ரோசம்மா திரையையும் காதர் பாயின் விரலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். விசயம் புரிந்து அவர் கை தூக்கியபோது அடுத்த எண் வந்துவிட்டது.

"ஐயா, அவுக அமுக்கிக்கிட்டே இருந்தாகய்யா! நான் பாத்தேன்!"

"நம்பர் மாறிருச்சுல்ல, ஆத்தா. சட்டம்னா சட்டந்தான்" என்றார் சீனிச்சாமி, திரையிலிருந்து கண் எடுக்காமல்.

ரோசம்மா நேராகப் போய்த் தன் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். "இது ஏலம் போகல. பறிபோயிருக்கு. நான் எந்திரிக்க மாட்டேன்."

சுமை தூக்குகிறவர்கள் வந்தார்கள், நின்றார்கள், போய்விட்டார்கள். உட்கார்ந்திருக்கிற அம்மாவோடு சாக்கைத் தூக்க அவர்களுக்கு மனசு வரவில்லை. மேனேஜர் வந்து பார்த்தார். கையில் ஏலக்காய் இருந்தது. மென்றார். பிறகு, வைஃபை கம்பெனியின் தேனி அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பஸ் பிடித்து வந்து இறங்கியது ஜெனிபர் என்ற பொண்ணு, இஞ்சினியர். இதுவும் பவரைக் கூட்டச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போகும் என்றுதான் நினைத்தேன். அது நேராக ரோசம்மாவிடம் போய், என்ன பார்த்தீர்கள் என்று கேட்டது. அப்புறம்தான் என்னிடம் வந்தது. நான் எடுத்த அளவுகளைச் சொன்னேன், பவரை ஏற்றியதையும் சொன்னேன். சிரிக்கவில்லை. "எல்லாரும் மொதல்ல அதத்தாண்ணே செய்வாக" என்றது. ஒரு சாக்கின் மேல் லேப்டாப்பை வைத்து என் பெட்டிகளோடு பேச ஆரம்பித்தது.

கொஞ்ச நேரத்தில் தலை தூக்கிச் சொன்னது: "பெட்டி மேல தப்பில்லண்ணே. நெரிசல் வந்தா பாதை மாத்துன்னு சொல்லி வச்சிருக்கோம், மாத்துது. எப்ப மாத்தக் கூடாதுன்னு நாம சொல்லவே இல்ல. ஒரு சாக்கு ஏலத்துல இருக்கப்பவே தாவுது. அது தாவுன எடத்தைக் கருவி தேடிப் பிடிக்கிறதுக்குள்ள சாக்கு விழுந்துருது. ஆனா இது நடக்கறத நான் கண்ணால பாக்கணும். எல்லாரும் உக்காந்து, எல்லா ஹாட்ஸ்பாட்டும் ஓடணும்."

நிஜச் சாக்கை வைத்து இன்னொரு விவசாயி வயிற்றில் அடிக்க மேனேஜர் சம்மதிக்கவில்லை. அதனால் ஒரு காலிச் சாக்கை ஏலம் விடுவது என்று முடிவாயிற்று. வியாபாரிகள் குதூகலமாகிவிட்டார்கள். "காலிச் சாக்குப்பா! வயர்லெஸ்ஸு வெளையவச்சது. சாம்பிள் தட்டு எங்க?" என்று ஒருவர். "உள்ள காத்துதான் இருக்கு, ஒண்ணாம் நம்பர் கம்பம் காத்து" என்று இன்னொருவர்.

விளையாட்டாக அமுக்கினால் உண்மை தெரியாது என்று ஜெனிபர் மேனேஜர் காதில் சொன்னது. அவர் ஒரு ஏலக்காயை எடுத்தார், கீறினார், மெதுவாகச் சொன்னார்: "இந்தச் சாக்கு யாருக்கு விழுதோ அவருக்கு இனிமே முன்வரிசை நடு நாற்காலி. ஃபேனுக்கு அடியில."

சிரிப்பு நின்றது. சித்திரை வெயிலில் அந்த நாற்காலிக்கு என்ன மதிப்பு என்று கம்பத்தில் ஒரு மதியம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சீனிச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஹாட்ஸ்பாட்டுகளைப் போட்டார்கள். என் போனில் எல்லாத் தெய்வங்களும் எழுந்தருளினார்கள். ஏலம் ஆரம்பித்தது. காலிச் சாக்கின் விலை நல்ல காய்க்குக்கூட ஏறாத வேகத்தில் ஏறியது. சீனிச்சாமி ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அமுக்கினார். ஜெனிபர் லேப்டாப்பைப் பார்த்தபடி விரலை உயர்த்தியது. ஃபேனுக்குப் பக்கத்தில் இருந்த பெட்டி தாவியது. முன்வரிசை விளக்குகள் சிவந்தன. சீனிச்சாமி அமுக்குகிறார், அமுக்குகிறார், திரை அசையவில்லை. சாக்கு காதர் பாய்க்கு விழுந்தது.

"ஏய்! இது என்ன அநியாயம்!" சீனிச்சாமி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "நான் அமுக்கிக்கிட்டேதான இருந்தேன்! எல்லாரும் பாத்தாகல்ல? இது செல்லாது. பறிச்சுட்டுப் போறதுக்குப் பேரு ஏலமா?"

தன் சாக்கின் மேல் உட்கார்ந்தபடியே ரோசம்மா சொன்னார், சத்தமில்லாமல்: "காலையில நானும் இதத்தான்யா சொன்னேன்."

காலிச் சாக்குக்கு ஒரு நியாயம், காய் உள்ள சாக்குக்கு ஒரு நியாயம் என்று சீனிச்சாமியே சொல்ல முடியுமா? தள்ளிய நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேனேஜர் கீறி வைத்திருந்த ஏலக்காயை வாயில் போடாமல் கிண்ணத்தில் திரும்ப வைத்தார். நான் அப்படிப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "அந்த அம்மா சாக்குக்கு மறு ஏலம்" என்றார்.

ஜெனிபர் பெட்டிகளுக்குப் புத்தி சொல்லி வைத்தது. ஏலம் நடக்கும்போது பெட்டி காற்றைக் கவனித்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும், தாவக் கூடாது. டீக்கு நிறுத்தும்போது ஏலம் நடத்துகிற மேசைக்காரர் ஒரு பொத்தானைத் தட்டுவார், அப்போது மாறிக்கொள்ளலாம். பவரைக் குறைத்துப் பெட்டிகளைக் கீழே இறக்கிக் கட்டினோம். "ஆனா அண்ணே, தாவாம நிக்கிற பெட்டிக்கு மத்தவுக கொஞ்சம் வாய மூடணும். அது என் கையில இல்ல" என்றது.

அது யார் கையில் என்று எனக்குத் தெரிந்தது. படங்களுக்குக் கீழே சூடம் வைக்கிற பித்தளைத் தாம்பாளத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய் சீனிச்சாமி முன்னால் நின்றேன்.

"அணைச்சு இதுல வைங்கண்ணே. ஏலம் முடியறவரைக்கும் ஆத்தா காலடியில இருக்கட்டும்."

"சாமி பேரை அணைக்கறதா..."

"உச்சி வேளையில கோயில் நடையத்தான் சாத்துறோம். நடை சாத்துனா சாமி எந்திரிச்சுப் போயிருதா?"

அவர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், ரோசம்மாவைப் பார்க்கவில்லை. அணைத்துத் தாம்பாளத்தில் வைத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வைத்தார்கள். குச்சனூரான் மேல் ஆரோக்கிய மாதா, அதன் மேல் பிஸ்மில்லா. என் போனில் பெயர்கள் ஒவ்வொன்றாக மறைந்து, கடைசியில் எங்கள் கூடத்தின் பெயர் மட்டும் நின்றது. சாமிக்கு மரியாதை என்று நான் கண்டது அந்தக் காற்றைத்தான்.

ரோசம்மா எழுந்தார். சாக்கு ஏலம் போயிற்று. ஒரு விளக்குகூடச் சிவக்கவில்லை. சீனிச்சாமியும் காதர் பாயும் விடாமல் ஏற்றி, கடைசியில் காதர் பாய்க்கு விழுந்தது. நியாயமான விலை. கை தூக்குகிறீர்களா என்று மேசைக்காரர் கேட்டபோது ரோசம்மா இரண்டு கையையும் முந்தானைக்குள் கட்டிக்கொண்டார். சிலுவை போட்டுக்கொண்டு, தரையில் கிடந்த காயில் ஒன்றைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டு, ஜீப்பைப் பிடிக்கப் போனார். கன்று நட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நான் ஓய்வு பெறும்வரை அந்தத் தாம்பாளம் இருந்தது. சாயங்காலம் ஹாட்ஸ்பாட்டுகளுக்குக் குங்குமம் வைத்துத் திருப்பிக் கொடுப்போம். குங்குமம் வைத்தது வேகமாக ஓடுகிறது என்றுகூட ஒருவர் சொன்னார். எத்தனை பேருக்குத்தான் விளக்குவது!

இப்போது புதுப் பெட்டி திறப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். விற்க வந்தவர் கழுத்தில் டை, கையில் ரிமோட். "இனி மனிதத் தலையீடே தேவையில்லை" என்றார். கைதட்டினார்கள். நான் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"எப்பத் தம்பி பாதை மாத்தும்?"

"தேவைப்பட்டா அடுத்த செகண்டே மாத்திரும் சார்!"

மறுபடி கைதட்டல். எதற்குத் தட்டுகிறோம் என்று ஒரு ஆளாவது யோசிக்க வேண்டுமே! முன்வரிசையில் சீனிச்சாமி தலை நரைத்துப் போய், ஆனால் ஃபேனுக்கு அடியில்தான் இருந்தார். நாற்காலியைக் காதர் பாயிடம் எப்படியோ கெஞ்சி வாங்கிவிட்டாராம். மேசைகளில் ஹாட்ஸ்பாட்டுகள் மறுபடி மின்னிக்கொண்டிருந்தன. விருந்தாளிகளுக்கு ஒரு தட்டில் பிஸ்கட் நீட்டினார்கள். பார்த்தால் அதுதான் அந்தத் தாம்பாளம். எடுத்த பிஸ்கட்டை மறுபடி அதிலேயே வைத்துவிட்டேன்.

அன்றைக்கு ஏலமும் இருந்தது. விவசாயிகள் வரிசையிலிருந்து ரோசம்மா எழுந்து வந்தார். அவர் பின்னால் மூன்று சாக்குகள் அவருடையவை. தாம்பாளத்தை வாங்கினார், மிச்சமிருந்த பிஸ்கட்டை மேசையில் கவிழ்த்தார், முந்தானையால் துடைத்தார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. நேராகச் சீனிச்சாமி முன்னால் போய் நீட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னுமா ஆத்தா இது?" என்றார் சீனிச்சாமி.

ரோசம்மா நீட்டிய கையை மடக்கவில்லை. சீனிச்சாமி பெருமூச்சு விட்டு, மேசையில் மின்னிய ஹாட்ஸ்பாட்டை எடுத்து, அணைத்து, வைத்தார். ணங்கென்று ஒரு சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. டை கட்டியவர் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

"இது எதுக்கு சார்?" என்று என்னிடம் கேட்டார்.

அதற்குள் காதர் பாயுடையதும் தாம்பாளத்தில் விழுந்தது.